மே மாதம் கொதிக்கும்... ஜனவரியில் வெடிக்கும்... குழாய்க்கும் வேண்டும் ஒரு போர்வை!

மே மாத மதியம் இரண்டு மணி. பருத்திப்பட்டில் ஒரு மாடி வீடு. ஒன்றரை வயதுப் பேரனுக்குக் கால் கழுவிவிட வேண்டும். ஒரு கையில் அவனைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஹெல்த் ஃபாசெட்டை எடுக்கிறார் பாட்டி. நேராகக் குழந்தை மேல் பீய்ச்சாமல், பழக்கதோஷத்தில் முதலில் தன் புறங்கையில் அடித்துப் பார்க்கிறார். சட்டென்று கை பின்வாங்குகிறது. கீசர் போடவே இல்லை. ஆனால், தண்ணீர் சுடுகிறது!

ஆவடி, பருத்திப்பட்டு, திருவேற்காடு, பூந்தமல்லி பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது புதிதல்ல. மெரினாவில் மதியமே வீசத் தொடங்கும் கடற்காற்று, சுமார் 20 கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் இந்தப் பகுதிக்கு வந்துசேரப் பொழுது சாய்ந்துவிடும். சில நாள் வராமலே போய்விடும். 2003 மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்திலேயே 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. அக்னி நட்சத்திரம் வந்துவிட்டால், இங்கே மொட்டை மாடியில் வெறுங்காலோடு நாலு அடி நடக்க முடியாது. அந்த மாடியில்தான் நாள் முழுக்கப் படுத்துக் கிடக்கிறது, வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய்.

அதே வீட்டின் மகளோ, மருமகனோ கனடாவில் இருந்தால் கதை தலைகீழ். அங்கே ஜனவரியில் குழாய்த் தண்ணீர் உறைந்து, குழாயே வெடிக்கும். வெயிலில் கொதிக்கும் குழாய்க்கும் குளிரில் வெடிக்கும் குழாய்க்கும் என்ன சம்பந்தம்? இரண்டுக்கும் மருந்து ஏறக்குறைய ஒன்றுதான். அந்த மருந்து எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டால் பணமும் மிச்சம், ஆபத்தும் குறைவு.

ஏரி சுடுவதில்லை... குழாய் ஏன் சுடுகிறது?

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் மாலை நடைப்பயிற்சி போகிறவர்கள் யோசித்துப் பார்க்கலாம். ஏரி மேலும் அதே வெயில்தான் அடிக்கிறது. ஆனால், ஏரித் தண்ணீர் கையைச் சுடுவதில்லை. காரணம் இரண்டு. ஒன்று, வாங்கிய வெப்பத்தை ஏரி அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில் பங்கு போட்டுக்கொள்கிறது. இரண்டு, மேல்தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானை குளிர்வதும் இப்படித்தான்.

மாடிக் குழாய்க்கு இந்த இரண்டு வசதியும் கிடையாது. ஒரு இன்ச் குழாயில் ஒரு மீட்டர் நீளத்துக்குப் பிடிக்கும் தண்ணீர் அரை லிட்டர்தான். அந்த அரை லிட்டரைச் சுற்றிலும் வெயில், கீழே கொதிக்கும் தளம். ஆவியாகித் தப்பிக்கவும் வழியில்லை. வீட்டில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்டால், தண்ணீர் நகராமல் அங்கேயே நின்று வேகும். வெயிலில் கிடக்கும் குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் 50 டிகிரியைத் தாண்டுவது ஆச்சர்யமே இல்லை.

50 டிகிரி என்றால் எவ்வளவு ஆபத்து? 60 டிகிரித் தண்ணீர் ஐந்தாறு நொடியில் பெரியவர்களின் தோலையே ஆழமாகப் புண்ணாக்கிவிடும். 54 டிகிரி என்றால் அரை நிமிடம் போதும். 49 டிகிரியில் சுமார் ஐந்து நிமிடம் ஆகும். குழந்தைகளின் தோல் மெல்லியது என்பதால் இதைவிடச் சீக்கிரம் புண்ணாகும். கால் மரத்துப்போகும் சர்க்கரை நோயாளிகளுக்குச் சூடே உறைக்காது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அமெரிக்காவின் அரிசோனா, நெவாடா மாநிலங்களில் வெயிலில் கிடந்த தோட்டக் குழாயின் தண்ணீர் பட்டு குழந்தைகளுக்குத் தீக்காயம் ஏற்பட்டதால், ஒவ்வொரு கோடையிலும் தீயணைப்புத் துறையினர் பெற்றோரை எச்சரிக்கிறார்கள்.

பாட்டி செய்ததுதான் சரி. கோடை மதியத்தில் ஹெல்த் ஃபாசெட், ஹேண்ட் ஷவர் எதையும் நேராகக் குழந்தை மேல் பிடிக்கக் கூடாது. வாளியில் பிடித்து, கலக்கி, கை வைத்துப் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும்.

குற்றவாளி குழாயா, தொட்டியா?

செலவு செய்வதற்கு முன் ஒரு சின்னப் பரிசோதனை. மதியம் இரண்டு, மூன்று மணிக்கு பாத்ரூம் குழாயைத் திறந்து, வாளி வாளியாகப் பிடித்துப் பாருங்கள். முதல் வாளி சுட்டு, இரண்டாவது வாளி வெதுவெதுப்பாக மாறினால், குற்றவாளி குழாய். நான்காவது வாளியும் முதல் வாளி மாதிரியே சுட்டால், குற்றவாளி தொட்டி.

கணக்கு எளிது. தொட்டியிலிருந்து பாத்ரூம் வரை 20 மீட்டர் ஒரு இன்ச் குழாய் என்றால் அதற்குள் இருப்பது 10 லிட்டர், அதாவது ஒரு சின்ன வாளி. அது வெளியேறிவிட்டால் வருவது தொட்டித் தண்ணீர். இந்த வித்தியாசம் தெரியாமல், குழாய் சுடுகிறது என்று புதுத் தொட்டி வாங்குபவர்களும், தொட்டி கொதிக்கிறது என்று குழாய்க்கு உறை மாட்டுபவர்களும் உண்டு. இரண்டுமே வீண் செலவு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சூடாக வரும் அந்த 10 லிட்டரைப் பல வீடுகளில் அப்படியே கால்வாய்க்கு அனுப்பிவிடுகிறோம். ஒரு நாளைக்கு ஐந்து முறை என்றால் 50 லிட்டர். மாதத்துக்கு 1,500 லிட்டர். 2019 கோடையில் செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் ஏரிகள் வறண்டு, லாரிக்காகக் குடத்தோடு காத்திருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். முதல் வாளியைத் தனியாகப் பிடித்து வையுங்கள். துணி ஊறவைக்கலாம், எண்ணெய்ப் பாத்திரம் தேய்க்கலாம், ஆறிய பிறகு செடிக்கு ஊற்றலாம்.

போர்வை வாங்கித் தருவது நேரத்தை மட்டுமே!

ஏ.சி பொருத்தும்போது செம்புக் குழாய் மேல் கறுப்பு நிறத்தில் மெத்தென்று ஓர் உறை மாட்டுவார்களே, அதுதான் குழாய்க்கான போர்வை. நைட்ரைல் ரப்பர் நுரையால் ஆனது. நுரைக்குள் சின்னச் சின்னக் காற்றறைகள் மூடிக் கிடக்கும். நகர முடியாத காற்று வெப்பத்தை லேசில் கடத்தாது. இந்த நுரை, தண்ணீரைவிடப் பதினைந்து மடங்குக்கும் மேல் குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும்.

ஆனால், ஒன்றை மறக்கக் கூடாது. போர்வை வெப்பத்தை உண்டாக்குவதும் இல்லை, அழிப்பதும் இல்லை. வெப்பம் போய்ச்சேரும் வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். ஒரு இன்ச் குழாய் மேல் 9 மில்லிமீட்டர் தடிமனில் உறை போட்டால், உள்ளே அசையாமல் நிற்கும் தண்ணீருக்கு அது வாங்கித் தருவது ஓரிரு மணி நேர அவகாசம். அடிக்கடி தண்ணீர் புழங்கும் வீட்டுக்கு இது பெரிய லாபம். சூடேறுவதற்குள் அந்தத் தண்ணீர் செலவாகிவிடும், புதுத் தண்ணீர் வந்துவிடும். காலை ஒன்பது மணிக்குப் பூட்டி, மாலை ஆறு மணிக்குத் திறக்கும் வீட்டுக்கு இந்த அவகாசம் போதாது.

அதனால் கோடையில் முதல் வேலை போர்வை அல்ல, நிழல். வெயிலே படாத குழாய் அதிகபட்சம் சுற்றியிருக்கும் காற்றின் சூட்டுக்குத்தான் போகும். வெயில் படும் குழாய் அதையும் தாண்டிக் கொதிக்கும். எனவே வரிசை இதுதான்: முதலில் நிழல், பிறகு வெள்ளை, அதற்குப் பிறகு போர்வை.

வீட்டில் என்ன செய்யலாம்?

*நிழல்:* குழாய் போகும் பாதையை மாற்ற முடியுமா என்று பிளம்பரிடம் கேளுங்கள். தளத்தின் குறுக்கே ஓடும் குழாயைக் கைப்பிடிச் சுவரின் நிழல் விழும் பக்கம் ஒதுக்கினாலே வித்தியாசம் தெரியும். மேற்குச் சுவரில் இறங்கும் குழாய்தான் மாலை வெயிலில் அதிகம் வேகும். புதிதாக வீடு கட்டுபவர்கள், முடிந்தால் மேற்குச் சுவரைத் தவிர்க்கச் சொல்லுங்கள். குழாயைத் தளத்தை ஒட்டிப் போடாமல் கிளாம்ப் வைத்துக் கொஞ்சம் தூக்கிவிட்டால், தளத்தின் சூடு நேராக ஏறாது. மேலே பச்சை நிழல்வலை கட்டலாம்.

*வெள்ளை:* வெளியே தெரியும் குழாய்களுக்கு வெள்ளை பெயின்ட் அடிக்கலாம். சூடு குறைவதோடு குழாயின் ஆயுளும் கூடும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் பி.வி.சி-யை வெளிறவைத்து, நாளடைவில் மொறுமொறுவென்று ஆக்கிவிடும். பிறகு லேசாகக் கால் பட்டாலே உடையும். ஒரு முக்கிய விஷயம்: பி.வி.சி, சி.பி.வி.சி குழாய்களுக்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட் மட்டுமே அடிக்க வேண்டும். தின்னர் கலக்கும் பெயின்ட் குழாயையே பாதிக்கக் கூடும்.

*போர்வை:* ஃப்ரிட்ஜ், ஏ.சி உதிரிபாகக் கடைகளில் இந்த உறை நீள நீளமாகக் கிடைக்கும். வாங்கும்போது குழாயின் வெளிச்சுற்று அளவைச் சொல்லுங்கள். ஒரு சின்னத் துண்டுக் குழாயைக் கையோடு எடுத்துப் போனால் குழப்பமே இல்லை. மாட்டுவதற்கு முன் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். உறை போட்ட பிறகு கசிவு கண்ணுக்குத் தெரியாது. ஏற்கெனவே மாட்டியிருக்கும் குழாய் என்றால், உறையை நீளவாக்கில் கீறி, கீறல் கீழ்ப்பக்கம் இருக்கும்படி பொருத்துங்கள். அப்போதுதான் மழைநீர் உள்ளே இறங்காது. எல்போ, டீ இருக்கும் இடங்களில் இடைவெளி விடக் கூடாது. வால்வின் கைப்பிடியை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள்.

வெறும் கறுப்பு உறையை வெயிலில் விட்டால் சில வருடங்களில் வெடித்து உதிர்ந்துவிடும். கறுப்பு என்பதால் வெயிலையும் கூடுதலாக வாங்கும். அதனால் மேலே அலுமினிய டேப்போ, வெள்ளை நிறப் பாதுகாப்பு டேப்போ சுற்ற வேண்டும். இந்த ஒரு வேலையை விட்டுவிட்டு, 'உறை போட்டும் பிரயோஜனம் இல்லை' என்று அலுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

ஈரச் சாக்கு சுற்றலாமா? சுற்றலாம். மண்பானையின் தத்துவம்தான் இங்கேயும். ஆனால், காய்ந்தவுடன் அது வெறும் நிழல்துணி. தினமும் நனைக்க ஆள் வேண்டும். இரும்புக் குழாய் என்றால் ஈரம் பட்டுத் துருப்பிடிக்கும். தெர்மகோல் வேண்டாம். வெயிலில் உதிர்ந்து, மழைநீர்க் குழாய்க்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

தொட்டிதான் குற்றவாளி என்றால்...

1,000 லிட்டர் தண்ணீரை 10 டிகிரி சூடேற்ற சுமார் 12 யூனிட் மின்சாரம் ஆகும். கறுப்பு சின்டெக்ஸ் தொட்டிக்கு அதைச் சூரியன் இலவசமாகவே கொடுத்துவிடுகிறது. வெள்ளைத் தொட்டி, அல்லது மேலே ஒரு ஷீட் கூரை, இரண்டில் ஒன்று இருந்தாலே நிலைமை மாறும். கூரைக்கும் தொட்டிக்கும் நடுவே காற்று போக இடம் இருக்க வேண்டும். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். டெங்கு பரப்பும் கொசுவுக்கு ஒரு சின்ன இடைவெளி போதும்.

காசே செலவில்லாத வழி ஒன்று உண்டு. மோட்டார் போடும் நேரத்தை மாற்றுவது. அரைகுறையாக நிரம்பிய தொட்டி சீக்கிரம் சூடேறும், முழுத் தொட்டி மெதுவாகத்தான் சூடேறும். அதிகாலையில் தொட்டியை நிரப்பிவிடுங்கள். மதியம் தண்ணீர் பாதிக்கு இறங்கியதும் மறுபடி போர் தண்ணீர் ஏற்றுங்கள். நிலத்தடி நீர் கோடையிலும் 30 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். தொட்டியில் 42 டிகிரியில் 500 லிட்டர் இருந்து, 30 டிகிரியில் 500 லிட்டர் சேர்ந்தால், கலவை 36 டிகிரி. குழந்தையைக் குளிப்பாட்டவே ஏற்ற சூடு!

மார்கழியில் இதே போர்வை வேறு வேலை செய்யும். மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்திருப்பவர்கள், வெந்நீர் இறங்கும் குழாய்க்கு உறை போட்டால், ஒருவர் குளித்து அடுத்தவர் வருவதற்குள் குழாயில் இருக்கும் வெந்நீர் ஆறிப்போகாது. அங்கேயும் அது வாங்கித் தருவது நேரத்தைத்தான். இரவெல்லாம் நின்ற தண்ணீர் காலையில் ஆறித்தான் இருக்கும்.

கனடாவில் மகள் வீட்டுக்குப் போகிறீர்களா?

ஆவடியில் ராணுவ வீரர்களின் குடும்பங்களும் ஓய்வுபெற்றவர்களும் நிறைய. லடாக்கில் பணியாற்றியவர்களைக் கேட்டால் உறையும் குழாயின் கதையைச் சொல்வார்கள். லே நகரில் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 15 டிகிரிக்கும் கீழே இறங்கும். குழாய்கள் உறைந்துபோக, லாரித் தண்ணீரையும் கைப்பம்பையும் நம்பி நாளைக் கடத்துவார்கள். அதனால்தான் அங்கே குடிநீர்க் குழாய்களை, உறைபனி எட்டாத ஆழத்தில் புதைக்கிறார்கள்.

பெரும்பாலான பொருள்கள் குளிர்ந்தால் சுருங்கும். தண்ணீர் 4 டிகிரிக்குக் கீழே போனால் விரிய ஆரம்பிக்கும். பனிக்கட்டியாகும்போது அதன் அளவு சுமார் 9 சதவிகிதம் கூடும். குழாய்க்குள் ஓரிடத்தில் பனிக்கட்டி வளர்ந்து அடைத்துக்கொண்டால், அதற்கும் மூடியிருக்கும் குழாய் வாய்க்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீர் நசுங்கும். அந்த அழுத்தம் தாங்காமல் குழாய் பிளக்கும். பனி உருகிய பிறகுதான் வீட்டுக்குள் வெள்ளம்!

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் இதுதான் நடந்தது. வெயிலை நினைத்துக் கட்டிய வீடுகள் அவை. பரண் வழியாகவும் வெளிச்சுவர் வழியாகவும் சரியான போர்வை இல்லாமல் ஓடிய குழாய்கள், திடீர்க் குளிரிலும் நீண்ட மின்வெட்டிலும் ஏராளமான வீடுகளில் வெடித்தன.

இங்கேயும் போர்வை நேரத்தை மட்டுமே தரும். இரவு முழுக்க மைனஸில் நின்றால் உறை போட்ட குழாயும் ஒரு கட்டத்தில் உறையும். அதனால்தான் கூடவே இன்னும் சில வேலைகள். குளிர் கடுமையான இரவில், வெளிச்சுவரை ஒட்டிய குழாயை நூல் போல ஒழுகவிடுவார்கள். தண்ணீர் நகர்ந்துகொண்டே இருந்தால் உறைவது தள்ளிப்போகும், குழாய்க்குள் அழுத்தமும் சேராது. சிங்க்குக்குக் கீழே இருக்கும் அலமாரிக் கதவைத் திறந்து வைப்பார்கள், வீட்டுக்குள் இருக்கும் சூடு குழாயைத் தொட வேண்டும் என்பதற்காக. இங்கிருந்து போகும் அம்மாக்கள், 'தண்ணி வீணாகுதே' என்று குழாயை மூடி, அலமாரியையும் சாத்திவிடுவதுண்டு. அந்த இரவுகளில் மட்டும் கையைக் கட்டிக்கொள்வது நல்லது!

பிள்ளைகள் குடும்பத்தோடு பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார்கள் என்றால், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஹீட்டரை அணைத்துவிட்டு வர வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டை 13 டிகிரிக்குக் கீழே இறங்கவிடக் கூடாது. மெயின் வால்வை மூடி, குழாய்களைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு வருவது இன்னும் பாதுகாப்பு. உறைந்துபோன குழாயை நெருப்புக் காட்டி உருக்கவே கூடாது. குழாய் வாயைத் திறந்து வைத்து, ஹேர் டிரையரால் வாய்ப்பக்கத்திலிருந்து மெதுவாகச் சூடு காட்ட வேண்டும்.

சுட்டுவிட்டால்...

மறுபடியும் பருத்திப்பட்டு பாத்ரூம். எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் தவறிச் சுட்டுவிட்டால்? சுட்ட இடத்தை 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீரில் காட்ட வேண்டும் என்பதே முதலுதவி. ஐஸ் கட்டி, பற்பசை, இங்க், மாவு எதுவும் கூடாது. கொப்புளம் வந்தாலோ, சுட்டது குழந்தைக்கு என்றாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மே மாத மதியத்தில் எந்தக் குழாயைத் திறந்தாலும் வருவது அதே சுடுநீர்தான்! பதற்றத்தில் அதையே ஊற்றிவிடக் கூடாது. எனவே கோடை முடியும்வரை, காலையிலேயே ஒரு பெரிய வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, பாத்ரூமுக்கு வெளியே நிழலான இடத்தில், குழந்தைக்கு எட்டாதபடி மூடி வைத்துவிடுங்கள். மதியம் குழந்தைக்குக் கால் கழுவ அந்தத் தண்ணீர்தான். அவசரத்துக்கும் அதே தண்ணீர்தான்.

உறை வாங்குவது அடுத்த மாதச் சம்பளத்தில் ஆகட்டும். வாளியை நாளைக் காலையே நிரப்பி வைத்துவிடலாம்.